இருபத்து நான்கு நாள் பாக்கி

ஆனையூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நின்று திருத்திவிட்டுத்தான் போவார்: "டீச்சர் இல்ல தம்பி, கிளர்க்கு." ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. நான் அந்தத் தெருவுக்குக் குடிபோன நாளிலிருந்து, அவர் ஓய்வு பெற்று அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்த நாள் வரை, நான் டீச்சர் என்றும் அவர் கிளர்க்கு என்றும் சொல்லிக்கொண்டே இருந்தோம். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிடிவாதக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நானே ஒரு பிடிவாதக்காரன்தான் என்பாள் என் மனைவி. ஆனால் டீச்சரின் பிடிவாதம் வேறு ரகம். குரல் உயராது, முகம் சுளிக்காது. "இல்ல" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு டீ போட்டுக் கொடுப்பார். டீயைக் குடித்து முடிப்பதற்குள், இது நடக்கப்போவதில்லை என்று வந்தவருக்கே தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை அவருடையது. எல்.கே.ஜி.யில் சேர இந்தத் தேதிக்குள் இத்தனை வயது முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா, அதில் ஒரே ஒரு நாள் குறைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் வந்து நின்றாராம். ஒரு நாள்தானே என்று கெஞ்சினாராம். இவர், இன்றைக்கு ஒரு நாளை விட்டால் நாளைக்கு இரண்டு நாள் குறைந்தவன் வந்து நிற்பான், அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டு, பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார். மறு வருடம் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தது. அதன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

இந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் எங்கள் தெருவுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. பள்ளிக்கூட வளாகத்துக்குள் அடைக்கலம் தேடி வந்த ஒரு செம்பழுப்பு நாயை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜூலி என்று பெயர் வைத்து வளர்த்தார். மூஞ்சி மட்டும் கருப்பு. கோம்பை நாயின் ரத்தம் கொஞ்சம் ஓடியிருக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். காவலுக்குக் கெட்டிக்காரி. அதனால் அது குட்டி போட்டால் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. குட்டி பிறந்த அன்றைக்கு டீச்சர் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் தாள் தாளாக எண்ணிக்கொண்டே போய், ஐம்பத்தாறாவது தாளின் முனையை மடித்துவைப்பார். அந்தத் தாள் மேலே வருகிற அன்றுதான் குட்டி வாசலைத் தாண்டும். எட்டு வாரம். ஒரு நாள் முன்னால் கேட்டாலும் டீதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படியில்லை. நான் மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். குட்டி கண் திறந்து, பாலைத் தானே நக்கிக் குடித்துவிட்டால் தூக்கிவிடுவோம். அது முப்பது நாளோ, இருபத்தைந்தோ. எவ்வளவு சின்னதாக எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நம்மோடு ஒட்டும், தாயை அறிந்துவிட்ட குட்டி வீட்டை மதிக்காது என்பது எங்கள் ஆட்களின் தீர்மானம். இதை நான் ஒருநாள் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஜூலி படுத்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போய், குட்டிகள் விளையாடுவதைப் பார்க்கச் சொன்னார்.

"பாலு குடிக்க மட்டுமா தம்பி தாய்கிட்ட இருக்கு? பாருங்க, ஒண்ணையொண்ணு கடிக்குது. பலமாக் கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்ட விட்டுப் போயிருது. தாயக் கடிச்சா ஒரு உறுமு, ஒரு அமுக்கு. எம்புட்டு அழுத்துனா வலிக்கும்னு அதுக்கு இங்கதான் தெரியும். நம்ம வீட்டுல யாரு சொல்லிக் குடுப்பா?"

நாய்க்குப் போய் பள்ளிக்கூடமா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவருடைய சபையின் போதகரே ஒருமுறை சிக்கிக்கொண்டார். அவருக்குக் கம்பத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. குட்டிக்கு அப்போது நாற்பது நாள். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, குட்டியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தார். டீச்சர் அவருக்கு மரியாதையாக நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஜெபிக்கச் சொல்லி, குட்டி இல்லாமல் அனுப்பிவைத்தார். பதினாறு நாள் கழித்து அந்தத் தாள் மேலே வந்தது. டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டார். ஒயர் கூடையில் துண்டை விரித்து, குட்டியை அதில் வைத்து, ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறினார். நடத்துநர் இறங்கச் சொன்னாராம். மடியில்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன், மடியில் இருப்பது பிள்ளையாக இருந்தால் இறக்கிவிடுவீர்களா என்று டீச்சர் கேட்டாராம். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டதால் நடத்துநருக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போனது. மத்தியானம் கம்பத்தில் குட்டியைக் கொடுத்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். போதகர் இதை அங்கே பிரசங்கத்தில் சொன்னதாகக் கேள்வி. எதற்கு உதாரணமாகச் சொன்னார் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

அப்பா இறந்த வருடம் அது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவை ஆனையூருக்கு அழைத்துவந்துவிட்டேன். நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவோம். அம்மாவுக்குத் தெருவில் யாரையும் பழக்கமில்லை. வைத்துவிட்டுப் போன சோறு பாதி நாள் அப்படியே இருக்கும். ஏன் சாப்பிடவில்லை என்றால், பசிக்கலப்பா என்பதற்கு மேல் பேச்சு வராது. ஆள் மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளூர பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் அவளாகவே, ஒரு நாய்க்குட்டி இருந்தால் தேவலை என்றாள். ஊரிலிருந்து வந்தபிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

ஜூலி அந்த முறை ஆனி முதல் தேதியே குட்டி போட்டிருந்தது. செம்பழுப்பில் ஒரு கடுவன் குட்டியை அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவருக்கு மேலாகவே பார்த்து, செவலை என்று பெயரும் வைத்துவிட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. ஒன்று ஆனிக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் ஆவணிதான். ஆனி கடைசி நாளில் குட்டிக்கு முப்பத்திரண்டு நாள்தான் ஆகும். டீச்சரிடம் போய்க் கேட்டேன். ஆவணி ஒன்றாம் தேதி வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பிறந்த தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டுக்கொள்ளக்கூடாதா என்றேன். வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் சொன்னேன். டீ வந்தது.

இந்தப் பக்கம் அம்மா ஆடி என்கிறாள், அந்தப் பக்கம் இவர் ஐம்பத்தாறு என்கிறார். இரண்டு பெண்கள் இரண்டு நாள்காட்டியை வைத்துக்கொண்டு நடுவில் என்னை நசுக்குகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியாக அந்த வாரம் டீச்சர் சபைக் கூட்டத்துக்காக மூன்று நாள் திண்டுக்கல் போனார். வீட்டில் அவருடைய தங்கை மட்டும் இருந்தார். ஆனி கடைசி நாள் காலையில் நான் போய், அக்கா எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்றேன். நாக்குக் கூசாமல் சொன்னேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்துக் குட்டியைப் பழைய தலையணை உறையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அம்மா குட்டியின் நெற்றியில் திருநீறு பூசினாள். மடியில் போட்டுக்கொண்டு பாலில் சோறு பிசைந்து ஊட்டினாள். அது சாப்பிட்ட மிச்சத்தோடு அவளும் ஒரு வட்டில் சோறு சாப்பிட்டாள். திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய டீச்சர் அன்று மாலையே எங்கள் வாசலுக்கு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குட்டி சேலை முந்தானையைப் பிடித்து இழுக்க, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, இன்ன தேதியில் தடுப்பூசி போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போதகரை மடக்கிய ஆளை நான் மடக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஏக மிதப்பு.

செவலை வளர்ந்தான். அம்மாவை விட்டு ஒரு அடி நகரமாட்டான். பாசத்துக்குக் குறையே இல்லை. ஆனால் விளையாடும்போது அவன் வாய்க்கு அளவே தெரியவில்லை. செருப்பைக் கடிக்கிற அதே அழுத்தத்தில் கையையும் கடித்தான். பால்பல்லாக இருந்தபோது எல்லோரும் சிரித்தோம். பல் விழுந்து முளைத்த பிறகு என் மனைவி அவன் பக்கம் போவதை நிறுத்தினாள். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கையிலிருந்த துணியைப் பிடுங்கி விளையாடப் போனவன் துணியோடு மணிக்கட்டையும் சேர்த்துக் கவ்விவிட்டான். கோபமில்லை, வெறியில்லை, வாலாட்டிக்கொண்டேதான் செய்தான். வயதான தோல், கிழிந்துவிட்டது. கத்தல் கேட்டு முதலில் ஓடிவந்தது டீச்சர்தான். அம்மாவின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக விட்டார். ஊசி, கட்டு, மறுபடி ஊசி என்று ஒரு மாதம் அலைந்தோம்.

வலியைவிட அந்தப் பயம்தான் அம்மாவை உலுக்கிவிட்டது. செவலை வாலை ஆட்டினாலே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சோறு மறுபடியும் பாதி பாதியாக மிஞ்ச ஆரம்பித்தது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அலங்காநல்லூர் ரோட்டில் தோப்புப் பக்கம் இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவனைச் சாக்கில் போட்டு பைக்கில் கட்டினேன். கிளப்பப்போகும்போது முன்சக்கரத்தை மறித்துக்கொண்டு டீச்சர் நின்றார்.

"அவுத்து விடுங்க தம்பி. இவன் இன்னும் இருபத்துநாலு நாள் பாக்கி வச்சிருக்கான். அத முடிச்சிட்டுத்தான் எங்கயும் போவான்."

ஆறு மாத நாய்க்கு என்ன பாக்கி என்று எரிந்து விழுந்தேன். அவர் சாக்கின் கட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். தப்பு உங்கள் மேல் இல்லை, என் மேல்தான் என்று மட்டும் சொன்னார். எனக்கு மனம் நோகக் கூடாதென்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். ஜூலிக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. முதல் நாளே அவன் அதன் காதைக் கவ்வ, அது அவனை மல்லாக்கத் தள்ளிக் கழுத்தில் வாயை வைத்து அமுக்கிவிட்டது. அவன் போட்ட சத்தத்துக்கு நான் சுவர் ஏறிப் பார்த்தேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் அவருடைய முறை. தன் கையை அவன் வாய்க்குக் கொடுத்து விளையாடுவார். அழுத்தம் கூடினால் 'ஆ' என்று ஒரு சத்தம், உடனே எழுந்து முதுகைக் காட்டி நின்றுவிடுவார். ஒரு நிமிடம் அவனைத் திரும்பிப் பார்க்கமாட்டார். மறுபடி உட்கார்வார், மறுபடி கை. ஒரு மாலைக்கு முப்பது, நாற்பது தடவை நடக்கும். இரண்டு கையிலும் புறங்கை முழுக்கக் கீறல். பள்ளியில் கேட்டவர்களிடம், பாடம் நடத்துகிறேன் என்றாராம். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் தன்னை டீச்சர் என்று அவர் ஒத்துக்கொண்டது.

இருபத்து நான்காம் நாள் நான் போய் நின்றேன். இன்றைக்கும் கடித்தான் என்றார். கணக்கு முடிந்துவிட்டதே என்று குத்தலாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கணக்கு தப்பு தம்பி. அப்ப ஒரு நாள்ல கத்துக்கிறத இப்ப ஒரு வாரத்துல கத்துக்கிறான். ஆனா கத்துக்கிறான். நான் விடமாட்டேன்."

தை போனது, மாசி போனது. பங்குனியில் ஒரு மாலை அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போய் ஒரு மூலையில், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் வாங்க என்று சொன்னதோடு சரி, கிட்டே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. மறுநாளும் போனாள். ஒரு வாரத்தில் நாற்காலி கொஞ்சம் முன்னே வந்தது. இன்னொரு மாதத்தில் 'ஆ' என்ற சத்தம் இரண்டு குரலில் கேட்டது. டீச்சருக்கு வந்த குரலைவிட அம்மாவுக்கு வந்த குரல் பெரிது. கடித்தாலும் கடிக்காவிட்டாலும் கத்துகிறீர்கள், பிறகு அவனுக்கு எப்படிப் புரியும் என்று டீச்சர் அம்மாவைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். என் பேச்சை ஒருநாளும் கேட்காதவள்.

ஆடியில்தான் டீச்சர் சரி என்றார். நான் அம்மாவிடம், ஆடியாயிற்றே, ஆவணி வரை பொறுப்போமா என்று கேட்டேன். நல்லபிள்ளையாக நடந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

"புதுசாத்தான்டா கொண்டு வரக் கூடாது. இவன் நம்ம வீட்டுப் பய. வெளியூருக்குப் படிக்கப் போயிட்டு வாரான்."

கயிற்றை அவளே பிடித்துக்கொண்டாள். தழும்பு விழுந்த அதே கை. செவலை அந்தக் கையை ஒருமுறை வாயால் பிடித்தான். நான் ஒரு அடி முன்னே வைத்தேன். பூவைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, விட்டுவிட்டான். இரண்டு பேரும் நடந்து எங்கள் வீட்டுக்குள் போனார்கள்.

நான் மட்டும் டீச்சர் வீட்டுக் கேட்டருகே நின்றிருந்தேன். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிடத் தோன்றியது. அன்றைக்கு உங்கள் தங்கையிடம் நீங்கள் சொன்னதாகச் சொல்லித்தான் குட்டியைத் தூக்கிப் போனேன், அது பொய் என்றேன். சொல்லும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை.

"தெரியும் தம்பி. அவ அப்பவே உள்ள போயி எனக்குப் போன் போட்டுக் கேட்டா. நாந்தான் குடுத்துரச் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் கீறல் விழுந்த கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் வீட்ல இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க. மத்தியானம் உங்கம்மா பேசுறது எங்க அடுப்படிக்குக் கேக்கும். இல்லாத உங்கப்பாவச் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுவாங்க. ஆடி முடியுற வரைக்கும் அத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுன்னு தோணிருச்சு. தப்புன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். அதுக்கு அவங்க கை கிழிஞ்சுச்சு."

ஒன்றும் தெரியாமல் நான் அம்மாவுக்குப் பக்கத்து அறையிலேயே குடியிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் வீட்டிலிருந்து தட்டு வைக்கிற சத்தமும், அதன்பின் அம்மாவின் குரலும் கேட்டன.

"செவலை, சாப்பிட வாடா."

உள்ளே நாலு கால் ஓடும் சத்தம். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.